கண்ணும் கையும் தளர்ந்த பின்னும் இயற்கையை வரைந்தவர்கள்

அமராவதி நகரில் வாழ்வோருக்கு மலையும் நீரும் அன்றாடம் காணும் காட்சிகள். 1957-ஆம் ஆண்டில் எழுந்த அமராவதி அணை, அதன் நீர்ப்பரப்புக்கு அப்பால் அடுக்கடுக்காக உயரும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மலைகள், முதலைப் பண்ணையில் வாய் பிளந்து வெயில் காயும் நன்னீர் முதலைகள், வயல்களை நோக்கி ஓடும் வாய்க்கால்கள், வாய்க்கால் ஓரத்துத் தென்னைகள் ஆகிய அனைத்தும் நமக்குப் பழகிப்போனவை. பழகிப்போனதாலேயே அவற்றை நாம் உற்று நோக்குவதில்லை. உடல்நலம் குன்றிப் படுக்கையில் சாயும் நாளில்தான், சன்னலுக்கு வெளியே அசையும் ஒரு வேப்பங்கிளைகூட நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மலையையும் மரத்தையும் விலங்குகளையும் வரைந்த சில ஓவியர்களை இவ்விதழில் எம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். மருத்துவமனை இதழில் ஓவியத்துக்கு என்ன இடம் என்ற வினா எழலாம். இங்கே நாம் காணவிருக்கும் ஓவியர்கள் சிலர் நம்மைப் போலவே நோயாளிகளாக இருந்தவர்கள். ஒருவர் நோயாளியாகவும், நோயுற்ற துணைவியைக் கவனித்துக்கொண்டவராகவும் ஒரே நேரத்தில் வாழ்ந்தவர். பார்வை மங்கியபோதும் அவர்கள் பார்ப்பதை விடவில்லை. இதுவே அவர்களிடமிருந்து நாம் அறியத்தக்க செய்தி.

சன்னலும் சுவரும்

இயற்கைக் காட்சி நோயுற்றவருக்கு இதம் தரும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதை எண்களால் அளந்து பார்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். சில அறைகளின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற அறைகளில் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது. வயது முதலியவற்றில் ஒத்திருந்த 46 பேரை 23 இணைகளாகப் பிரித்து அவர் ஒப்பிட்டார். மரத்தைக் கண்டவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். மரத்தைக் கண்டவர்களுக்கு வலிமை மிக்க வலி நிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவுகள் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன.

எல்லா அறைக்கும் மரம் தெரியும் சன்னல் வாய்ப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சன்னலே இல்லாமலும் இருக்கலாம். அங்கே ஓவியம் உதவுமா என்று அறிய, ஸ்வீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை பெற்ற 160 பேரிடம் உல்ரிச்சும் அவருடைய குழுவினரும் மற்றோர் ஆய்வு செய்தனர். மரங்களும் நீரும் விரிந்து தெரியும் படத்தைக் கண்டவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. நேர்கோடுகளால் ஆன அருவப் படத்தைக் கண்டவர்களோ, படமே இல்லாதவர்களைவிடவும் அதிகப் பதற்றம் கொண்டிருந்தனர். எந்தப் படமாயினும் நன்று என்று எண்ணிச் சுவரில் மாட்டிவிட இயலாது என்பதை இது காட்டியது.

இங்கிலாந்தில் இந்த முயற்சி இவ்வாய்வுகளுக்கும் முன்னரே தொடங்கிவிட்டது. இலண்டன் நரம்பியல் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் நலனைக் கவனிக்கும் பணியிலிருந்த ஷெரிடன் ரஸ்ஸல் என்பவர், நல்ல ஓவியங்களை மருத்துவமனைகளுக்கு இரவலாகக் கொண்டுவரும் அமைப்பு ஒன்றை 1959-இல் உருவாக்கினார்.

இவற்றை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளலாகாது. உல்ரிச்சின் முதல் ஆய்வு ஒரே மருத்துவமனையில் சிறு எண்ணிக்கையினரிடம் நிகழ்ந்தது. ஓவியம் மருந்துக்கு மாற்றாகாது, புண்ணை ஆற்றாது, கட்டியைக் கரைக்காது. நீண்ட காத்திருப்பையும் அச்சத்தையும் சற்றே இலகுவாக்கும், அவ்வளவே. காத்திருத்தலே பெரும் பாரமாக இருக்கும் நாட்களில் அதுவும் சிறிய உதவியன்று.

மதுரையின் மனோகர் தேவதாஸ்

1936-இல் மதுரையில் பிறந்தவர் மனோகர் தேவதாஸ். வேதியியல் பயின்று, சென்னையில் தொழில் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். அவருடைய உள்ளத்துக்கு உகந்தது ஓவியமே. வண்ணத் தூரிகையைவிடப் பேனாவையும் கறுப்பு மையையும் அவர் மிகுதியும் நாடினார். மதுரையின் கோபுரங்கள், யானையொன்று படுத்திருப்பது போல் தோன்றும் யானைமலை, வைகை, கிணறுகள், மரங்கள் அடர்ந்த புறநகர் ஆகியவை அவர் கோடுகளில் உயிர்பெற்றன. பேனா ஓவியத்தில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. நிழல் வேண்டுமெனில் கோடுகளை நெருக்கமாகவும், ஒளி வேண்டுமெனில் இடைவெளி விட்டும் இழுக்க வேண்டும். ஒரு மரத்தின் நிழலுக்கு ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் தேவைப்படும். நல்ல பார்வை உடையவருக்கே கண் கடுக்கும் வேலை அது.

அவருக்கோ பார்வை நல்ல நிலையில் இல்லை. ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ எனப்படும் விழித்திரைச் சிதைவு நோய் அவரைப் பற்றியிருந்தது. பெரும்பாலும் மரபுவழியாக வரும் இந்நோயில், மங்கிய ஒளியில் காண உதவும் செல்கள் முதலில் அழிகின்றன. இரவில் பார்வை குன்றும். பின்னர் பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே காண்பது போல் நடுப்பகுதி மட்டும் எஞ்சும். நாளடைவில் அதுவும் மங்கும். வலுவான விளக்கொளியையும் உருப்பெருக்கும் கண்ணாடியையும் துணையாகக் கொண்டு அவர் வரைந்தார். நுண்ணிய கோடுகளால் உலகைக் காட்டிய கலைஞரிடமிருந்து பார்வை சிறிது சிறிதாக விலகிச் சென்றது.

1972-இல் நிகழ்ந்த சாலை விபத்தில் அவர் துணைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. இதன் பொருளை எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்களுள் பலர் இதனை வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள். உணவு ஊட்டுதல், தூய்மை செய்தல், படுக்கைப் புண் வாராமல் காக்க இரவும் பகலும் உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்த் தொற்று ஏற்படாமல் கவனித்தல் என இப்பணிக்கு விடுமுறை என்பதே இல்லை. மஹிமா 2008-இல் மறையும்வரை ஏறத்தாழ 36 ஆண்டுகள் இத்தம்பதியர் இவ்வாறு வாழ்ந்தனர்.

அந்த ஆண்டுகளில் மனோகர் வரைவதை நிறுத்தவில்லை. அவருடைய ஓவியங்களைக் கொண்டு இருவரும் வாழ்த்து அட்டைகள் உருவாக்கினர். விற்பனையில் கிடைத்த பணத்தை அறப்பணிகளுக்கு வழங்கினர். தம் மதுரை இளமைப் பருவத்தைச் சொல்லும் நூலை 1997-இலும், மதுரைக் கோட்டோவியங்கள் அடங்கிய நூலை 2007-இலும் அவர் வெளியிட்டார். 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தம் 86-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

நோயுற்றவரைக் கவனித்துக்கொள்பவர் தமக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ‘இந்த நேரத்தில் இது தேவையா?’ என்று சுற்றத்தார் கேட்பதுண்டு. கேட்காவிடினும் அவர் மனமே கேட்கும். மனோகரின் வாழ்வை நோக்குங்கள். வரைவதற்கென்று செலவிட்ட நேரம் மஹிமாவிடமிருந்து பறித்த நேரமாக இருக்கவில்லை. இருவரும் சேர்ந்து செய்யத்தக்க ஒரு பணியை அது அவர்களுக்குத் தந்தது. உடல் அசையாத நிலையிலும் ஒருவர் மற்றவரின் வேலையில் பங்காளியாக இருக்க முடியும். கவனிப்பவரும் கவனிக்கப்படுபவரும் மருந்து, உணவு, வலி ஆகியவற்றைத் தவிர வேறொன்றைப் பற்றியும் பேசிக்கொள்ள முடியும்.

மாலை வேளையில் தடுக்கி விழுதல், இருட்டில் வழி புலப்படாமை, பக்கத்தில் வருபவர் தெரியாமை ஆகிய குறைகள் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இருந்தால், சாதாரணக் கண்ணாடிப் பிரச்சினை என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டுவது நலம். உறவினர் எவருக்கேனும் இத்தகைய குறை இருந்திருந்தால் அதையும் மறவாமல் கூறுங்கள்.

கண் மறைந்த பின்னும்

வங்கத்தின் சாந்திநிகேதனில் வாழ்ந்த பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர். ஒரு கண் பயனற்றது. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. அக்குறையோடுதான் அவர் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளையும் பனைமரங்களையும் நீண்ட சுருள்களில் தீட்டினார். 1940-இல் கலாபவனத்தின் விடுதிக் கூரையில் பீர்பூம் கிராமப்புறத்தை ஓவியமாக விரித்தார். குளம், மரம், மாடு, மனிதர் அனைவரும் இடம்பெற்ற அக்கூரையை அண்ணாந்து பார்த்தே காண வேண்டும். படுத்திருப்பவருக்கு மிகவும் ஏற்ற ஓவியம் அது என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

1950-களின் பிற்பகுதியில் கண்புரை அறுவைக்குப் பின் அவர் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பின்னரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கலையைத் தொடர்ந்தார். விரல்களால் தடவி அறிந்து வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டினார், கோட்டோவியங்கள் வரைந்தார், 1972-இல் கலாபவனச் சுவருக்கு ஓடுகளால் ஆன பெரிய சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அதே ஆண்டு அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

இதைப் படிக்கும் முதியோர் கண்புரை அறுவையை எண்ணி அஞ்ச வேண்டாம். அக்காலத்து முறைக்கும் இக்காலத்து முறைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. இன்று சிறு துளை வழியே மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்புகின்றனர். அஞ்சித் தள்ளிப்போட்டவர்களுள் பிரான்சு நாட்டின் பேரோவியர் மோனேவும் ஒருவர். தம் தோட்டக் குளத்து அல்லி மலர்களை வாழ்வின் பிற்காலத்தில் தொடர்ந்து வரைந்த அவருக்கு 1912-இல் கண்புரை இருப்பது உறுதியானது; 1923 வரை அவர் அறுவைக்கு இணங்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்கு நிறங்கள் திரிந்து தெரிந்தன. ஓவியங்களில் செம்மையும் பழுப்பும் மிகுந்தன. அறுவைக்குப் பின் கண்ணாடி அணிந்து, அல்லிக்குளப் பேரோவியங்களில் மீண்டும் உழைத்தார். அவை இன்றும் பாரிஸில் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன.

இரவில் ஒளிரும் மரங்கள்

நோயை வென்று வரைந்தவர்களை மட்டுமே கூறினால் இயற்கை ஓவியம் என்பது துயரின் கதை என்று தோன்றிவிடும். மகிழ்ச்சியால் வரைபவர்களும் நம் காலத்தில் வாழ்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடியினர் தம் வீட்டுச் சுவர்களில் மரம், மான், பறவை, பாம்பு முதலியவற்றைத் தீட்டும் மரபினர். பாட்டன்கட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜன்கட் சிங் ஷியாம் (1962–2001) அம்மரபைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். அவர் வழி வந்த பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூவரும் இரவில் உயிர்த்தெழும் மரங்களை வரைந்த நூல் ஒன்று 2006-இல் சென்னைத் தாரா பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. பகலெல்லாம் நிழலும் கனியும் தந்து உழைக்கும் மரங்கள், இரவில் தம் மெய்யுருவைக் காட்டும் என்பது அந்நூலின் கருத்து.

திருப்பூர் வட்டாரத்து வாசகர்களுக்கு அந்நூலின் அச்சுமுறை உடனே விளங்கும். கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வைத்து, கையால் மை தள்ளி அச்சிட்டிருக்கிறார்கள். பனியன்களில் படம் அச்சிடும் நம் பட்டறைகளில் நாள்தோறும் நடப்பதும் இதே வேலைதான். ஒரு நிறம் காய்ந்த பின் அடுத்த நிறம்; சட்டம் சற்றே விலகினாலும் படம் கெட்டுவிடும். பட்டறை மேசையருகே நின்று உழைத்த கைகள் உங்களுடையவையாயின், ஓவியம் நமக்கு அந்நியமானது என்று நீங்கள் எண்ணத் தேவையே இல்லை. நிறத்தை அறிந்த கண்ணும், நேர்த்தி அறிந்த கையும் உங்களிடம் முன்பே உள்ளன.

நமக்கு இன்னும் அருகே நீலகிரியில், கோத்தகிரிப் பகுதியின் குறும்பர்கள் பாறை ஓவிய மரபைத் தாளில் தொடர்கிறார்கள். மரப்பிசினும் இலைச்சாறும் அவர்களுக்கு வண்ணம். தேனெடுத்தல், மரங்கள், கால்நடைகள், திருவிழாக்கள் ஆகியவை அவர்கள் வரையும் பொருள்கள். காட்டை வரைய அவர்கள் காட்டிலிருந்தே நிறத்தை எடுக்கிறார்கள்.

நம் கண்முன் இருப்பவை

வரையத் தக்க காட்சிகளைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காட்டுமாடு, யானை, மான், நன்னீர் முதலை ஆகியவை அமராவதியின் அண்டை வீட்டார். மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு வெண்ணிறக் காட்டுமாடுகளுக்குப் பெயர் பெற்றது. திருப்பூர் நகரின் விளிம்பிலுள்ள நஞ்சராயன் குளம், வலசைப் பறவைகள் வந்து தங்கும் சரணாலயம். 2024-இல் அது உலக அளவில் முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டை அறிந்த மாவட்டத்தில், பறவைகள் திரும்பி வரும் ஒரு குளம் இருக்கிறது என்பதே ஆறுதலான செய்தி.

படுக்கையிலோ, படுக்கையருகே நாற்காலியிலோ நாளைக் கழிக்கும் எம் வாசகர்களுக்குச் சில எளிய யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். சன்னலில் தெரியும் ஒரு கிளை, நாட்காட்டியில் உள்ள ஒரு மலை, கைபேசியில் உள்ள உங்கள் தோட்டத்துப் படம், எதுவாயினும் போதும். பத்து நிமிடம் அதையே பாருங்கள். காலையில் அதன் நிழல் எப்பக்கம் விழுந்தது, மாலையில் எப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரைய வராது என்போருக்கு இதுவே போதிய தொடக்கம்.

இரண்டாவது, வரைய விரும்புவோருக்கு ஒரு பென்சிலும் கோடில்லாத நோட்டுப் புத்தகமும் போதும். ஊசி ஏற்றியுள்ள கையால் வரைய வேண்டாம். மறு கையால் வரைந்து பாருங்கள். கோடு கோணலாக வந்தால் குறையொன்றுமில்லை. மூச்சு வாங்கினாலோ, கண் கூசினாலோ, வலி மிகுந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

மூன்றாவது, பார்வை குன்றியோரும் குழந்தைகளும் இலையின் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக்குச்சியால் தேய்க்கலாம். நரம்புகள் தாமே எழுந்து வரும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், தீவிர சிகிச்சையில் உள்ளோர் ஆகியோரின் அருகே மெய்யான இலை, பூ, மண் முதலியவற்றைக் கொண்டுவருதல் தொற்றுக்கு இடமளிக்கலாம். செவிலியரிடம் கேட்ட பின்னரே கொண்டுவாருங்கள். அனுமதி இல்லையெனில் படங்களே போதும்.

நான்காவது, உடன் இருப்போருக்கு. ‘நன்றாக வரைந்திருக்கிறீர்களா?’ என்று கேளாதீர்கள். ‘என்ன தெரிகிறது, அப்பா?’ என்று கேளுங்கள். நெடுநாள் நோயில் பேச்சு வற்றிப்போன வீடுகளில், ஒரே மரத்தை இருவர் பார்ப்பது புதிய பேச்சுக்கு வழி திறக்கும். அவர் உறங்கும் வேளையில் நீங்களும் உங்களுக்கென ஒன்றை வரையுங்கள். அல்லது வெறுமனே வெளியே பாருங்கள். அந்த நேரம் உங்களுக்கு உரியது.

வரைந்தவற்றைப் பிறரிடம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேதியை மட்டும் மூலையில் எழுதி வையுங்கள். பல வாரங்களுக்குப் பின் பக்கங்களைப் புரட்டும்போது, எந்த நாளில் கை நடுங்கியது, எந்த நாளில் கோடு உறுதிப்பட்டது, எந்த நாளில் ஒன்றும் வரைய இயலவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். கை நடுக்கம் கூடியதோ குறைந்ததோ, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அந்த நோட்டையும் உடன் கொண்டுவாருங்கள்.